அகலத்துக்கு முந்தைய சொல்

வெய்ல் என்றால் ஓலம். வெய்ஸ்ட் என்றால் இடுப்பு. வெய்ட் என்றால் காத்திரு. ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, அர்த்தம் சொல்லி, கமாவையும் முற்றுப்புள்ளியையும்கூட விடாமல் வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் வேதவல்லிக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. டம்ளரில் தண்ணீர் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. எதிரே இஸ்மாயில் சார் குனிந்த தலை நிமிராமல் அச்சான தாளில் சிவப்புப் பேனாவை வரிவரியாக நகர்த்திக்கொண்டிருந்தார். பிரஸ்ஸின் பின்னறையில் இருபது வருஷமாக நடக்கிற வேலைமுறை இதுதான். கையெழுத்துப் பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், புரூஃபை இன்னொருவர் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படிக்கிற வாய் நின்றால் பார்க்கிற கண்ணும் நின்றுவிடும். அதனால் வாய் நிற்கக் கூடாது. இப்போது கையில் இருப்பது ஒரு ஆங்கிலம் தமிழ் அகராதி. ஏ எழுத்தில் ஆரம்பித்து, வெயில் போய் மழை வந்து, இந்த வாரம் டபிள்யூவில் நிற்கிறது. வாய் அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு வேதவல்லி காதை மட்டும் முன்னறையில் வைத்திருந்தாள். அங்கேதான் போன் இருக்கிறது. வீட்டில் போன் கிடையாது, அதனால்தான் இன்றைக்கு வேலைக்கே வந்தாள், இல்லாவிட்டால் யார் வருவார்கள். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது டீக்கடை ரேடியோ சாவகாசமாகச் சொன்னது: புயல் அடித்த பகுதியில் கம்பி சரிசெய்யப் போன மின் ஊழியர் ஒருவர் மின்சாரம் தாக்கிப் பலி. திருச்சியிலிருந்து போனவர். அவ்வளவுதான், அடுத்தது வெங்காய விலை. பெயர் சொல்லக் கூடாதா, ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அவள் புருஷன் அமிர்தலிங்கம் லைன்மேன், புதன்கிழமை லாரி ஏறிப் போனவர், திருச்சியிலிருந்துதான் போனார். கரண்ட் ஆபீசுக்கு ஓடினாள். அங்கிருந்த கிளார்க் பாவம், நல்ல மாதிரி. "எங்களுக்கும் ஒண்ணும் தெரியலம்மா. அந்தப் பக்கம் லைனே கிடைக்க மாட்டேங்குது. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டார். அவளுக்குப் புருஷன் பெயர் வாயில் வராது, வந்ததே இல்லை. சுவரில் தொங்கிய ஊழியர் பெயர்ப் பலகையில் விரலை வைத்துக் காட்டினாள். விரல் வைத்த இடம் ஜில்லென்றிருந்தது. பிரஸ் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. வெய்ட் என்றால் காத்திரு, அரைப்புள்ளி, எதிர்பார்த்திரு, முற்றுப்புள்ளி. அடுத்து வெய்க், விழித்தெழு.

"கொஞ்சம் மெதுவாப் படிங்கம்மா, ரயிலைப் பிடிக்கவா போறோம்" என்றார் இஸ்மாயில் சார். மெதுவாகத்தான் படிக்க வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஏனென்றால் டபிள்யூவில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். நேற்றுவரை தெரியாது, தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டாள். எம் எழுத்தில் கொலையைப் படித்தாள், எஸ் எழுத்தில் தற்கொலையைப் படித்தாள், டீயை ஊதிக் குடித்துக்கொண்டே படித்தாள், அதெல்லாம் யாருக்கோ வருகிற சொற்கள். இன்றைக்குக் காலையில்தான் பின்னறை நாற்காலியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்ததும் சுருக்கென்று பட்டது. டபிள்யூ ஏ, டபிள்யூ ஈ, டபிள்யூ ஹெச், அதன் பிறகு டபிள்யூ ஐ. அங்கே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வைட் என்றால் அகலமான. விட்த் என்றால் அகலம். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அகலமானதும் அகலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம். நடுவில் கொண்டுபோய் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். சொல்வதற்கு நமக்கென்ன, விடோ. கணவனை இழந்தவள், கைம்பெண். வேதவல்லி மனசுக்குள்கூட அதைச் சொல்லவில்லை, அந்த இடம் வந்ததும் கண்ணை மூடித் தாண்டினாள், அப்படித் தாண்டியும் காலையிலிருந்து அதே இடத்தில்தான் கால் தடுக்குகிறது. யார் வைத்த வரிசை இது? அர்த்தத்துக்கும் வரிசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எழுத்து எப்படித் தள்ளுகிறதோ அப்படிப் போய் நிற்கின்றன, ரேஷன் கடை க்யூவில் யார் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று கேட்க முடியுமா. அகராதி எழுதிய புரொஃபசருக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. இருந்தாலும் வெட் என்றால் மணம் செய்துகொள், அடுத்தது வெட்ஜ் என்றால் ஆப்பு, அடுத்தது வெட்னஸ்டே, புதன்கிழமை. புதன்கிழமை என்று படித்தபோது அவள் குரல் ஒரு இழை கீழே போனது. புதன்கிழமைதான் அவர் போனார். லாரிக்குப் பின்னால் கயிறும் கம்பிச்சுருளும் ஏணியும், ஏணிக்கு மேல் இவர்களும். சாப்பாட்டுப் பையை நீட்டினாள், வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்தார். முழங்கால் வலிக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன் என்றாள், ம் என்றார். கடைசி வார்த்தை அந்த ம் தானா. கடைசி என்று ஏன் நினைக்கிறாய், சனியனே, வாயைக் கழுவு. வாயால் சொல்லவில்லையே, நினைக்கத்தானே செய்தேன். நினைத்தால் மட்டும் பரவாயில்லையா? புதன்கிழமைக்கு அப்புறம் வீட், களை. வீக், வாரம். அதற்கப்புறம் வீப். அழு, அரைப்புள்ளி, கண்ணீர் வடி. ஒரு வாரத்துக்குள் அழ வேண்டும் என்று இந்த அகராதியே நாள் குறித்துக் கொடுப்பதுபோல இருந்தது அவளுக்கு. முன்னறையில் யாரோ வந்து முதலாளியிடம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படம் சின்னதாக இருக்கிறது, பெரிசாக்கினால் தெளிவாக வருமா என்று கேட்டது ஒரு குரல். வரும், கொஞ்சம் கலங்கலாக வரும் என்றார் முதலாளி. தினம் கேட்கிற பேச்சுதான். கலியாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் ஒரே மெஷினில்தான் ஓடுகின்றன, மை காய்வதற்கு ஒரே கயிற்றில்தான் தொங்குகின்றன.

அவரிடம் ஒரே ஒரு நல்ல போட்டோகூடக் கிடையாது. ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது. போட்டோ என்றால் ஓடிவிடுவார், மகள் காதுகுத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். ரேஷன் கார்டில் இருக்கிறது ஒன்று, அதைப் பெரிசாக்கினால் கலங்கலாகத்தான் வரும். போதும். வேறு நினை. வெல் என்றால் கிணறு, நலமாக. நலமாக, நலமாக, நலமாக. புதன்கிழமை போன லாரியில் அவர் ஒருவரா இருந்தார்? ஒரு கூட்டமே இருந்தது. செத்தவர் ஒருவர் என்றால் மற்றவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம், அந்த மற்றவர்களில் இவர் ஏன் இருக்கக் கூடாது, இருப்பார், கட்டாயம் இருப்பார். அப்படியானால் அந்த ஒருவர் யார்? இந்தக் கேள்வியிடம் வேதவல்லி வேண்டுமென்று வரவில்லை. படித்துக்கொண்டே, வீல் என்றால் சக்கரம், விப் என்றால் சவுக்கு என்று சொல்லிக்கொண்டே, மனசு லாரியில் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டது. ஃபோர்மேன் சந்தானம், அவர் பெண்டாட்டிக்கு இப்போதுதான் கர்ப்பப்பை எடுத்தார்கள், வேண்டாம். மாணிக்கராஜ், மூன்று பெண்கள், வேண்டாவே வேண்டாம். குடித்துவிட்டு அடிக்கிற சவரிமுத்துவிடம் மனசு கொஞ்சம் நின்றது. அடிக்கிறவன்தான், ஆனாலும் அவன் பெண்டாட்டி அவனுக்காக வேண்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடப்பாள், அவள் கழுத்திலும் மஞ்சள் கயிறு இருக்கிறது. எல்லார் கழுத்திலும் இருக்கிறது. இருப்பதால்தானே அந்தச் சொல்லுக்கு வேலை. கயிறே இல்லாத இடத்தில் அந்தச் சொல் என்ன செய்யும்? அப்போதுதான் லாரியின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தனக்கோடி உட்கார்ந்திருந்தான். ஹெல்ப்பர் பையன், இன்னும் கலியாணம் ஆகவில்லை. அண்ணி அண்ணி என்று வீட்டுக்கு வருவான், புளியோதரையைக் கண்டால் விடமாட்டான், சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பான். அவனைக் கட்டியவள் என்று யாரும் கிடையாது. அம்மா மட்டும்தான், அந்த அம்மாவின் புருஷன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷம் ஆயிற்று. அந்த வீட்டுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வந்துவிட்டுப் போய்விட்டது, மறுபடி வர அங்கே வழியில்லை. அவன் என்றால் புதிதாக யாருக்கும் அது ஒட்டாது. இவ்வளவு தெளிவாக, காய்கறி பொறுக்குவதுபோல, வேதவல்லி அதை நினைத்து முடித்துவிட்டாள். முடித்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று தெரிந்தது. அடி பாவி. இல்லை, நான் நினைக்கவில்லை, நினைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், கேட்டுக்கொண்டிருந்தவர் யாராக இருந்தாலும் கேட்காததாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் திரும்ப எடுத்துக்கொண்டால் அந்த இடம் மறுபடி காலியாகிறதே. காலியான இடத்தில் யாரை வைப்பது? இருக்கட்டும், ஒரு நிமிஷம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். திரும்ப எடுக்கவே இல்லை.

வொய் என்றால் ஏன். விக் என்றால் திரி. விக்கிட் என்றால் கொடிய, தீய எண்ணமுள்ள. அதையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள், சொல்லும்போது காது சுட்டது. வைட், டபிள்யூ, ஐ, டி, ஈ, அகலமான, கமா, விரிந்த, முற்றுப்புள்ளி. கண்ணுக்குக் கீழே அடுத்த வரியில் புரொஃபசரின் குண்டு குண்டான கையெழுத்தில் அது இருந்தது. எவ்வளவு சாதுவாக இருக்கிறது, மற்றச் சொற்களைப் போலவே நீலமசியில். சொல்லாதே. வெள்ளிக்கிழமை அதுவுமாக, உயிரா பிணமா என்று தெரியாமல் இருக்கிற நேரத்தில், உன் வாயாலே, உன் குரலாலே, ஒவ்வொரு எழுத்தாகக் கூப்பிட்டு, அர்த்தமும் சொல்லி, முற்றுப்புள்ளியும் வைப்பாயா? இத்தனை வருஷம் அவர் பெயரைச் சொல்லாமல் குடும்பம் நடத்தியவள்தானே, சொல்லாமல் இருப்பது உனக்குப் புதிதா. விட்த் என்றாள் வேதவல்லி. டபிள்யூ, ஐ, டி, டி, ஹெச். அகலம். சிவப்புப் பேனா நின்றது. இஸ்மாயில் சார் தலையை நிமிர்த்தவில்லை. நடுவில் ஒன்று விட்டுப்போயிற்று என்று அவர் சொல்லிவிட்டால் அதைப் படித்தே ஆக வேண்டும், இருபது வருஷமாக ஒரு கமாவுக்குக்கூடச் சண்டை போடுகிற மனுஷர். அவர் கையை நீட்டி அவள் முன்னால் இருந்த பிரதியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வரியை அவராகவே பார்த்து, புரூஃபில் டிக் போட்டுவிட்டுத் திரும்பத் தள்ளினார்.

"அது நான் பார்த்துட்டேம்மா. நீங்க மேல போங்க" என்றார். டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி, "தண்ணி குடிங்க முதல்ல" என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது, அழவில்லை. வீப் ஏற்கெனவே படித்தாயிற்று. வீல்ட், கையாளு. வைஃப், மனைவி. இதைப் படித்தபோது குரல் தானாகவே உயர்ந்தது, முன்னறைவரைக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். தாண்டிவிட்டேன். அதைத் தொடாமல் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டேன், மனைவி, முற்றுப்புள்ளி. வைல்ட், வில், வின். காட்டுத்தனமான, விருப்பம், வெற்றிகொள். நல்ல சொற்களாக வருகின்றனவே என்று ஒரு குருட்டுத் தைரியம். உடனே விண்ட், காற்று. அடுத்த பக்கத்தில் வயர் வரும், கம்பி. காற்றும் கம்பியும் இவ்வளவு கிட்டேயா இருக்கின்றன. கம்பியைத் தொடுவதற்கு முன்னால் அவர் புறங்கையால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார், வீட்டில் ஸ்விட்சுக்குக்கூட அப்படித்தான், மகள் கேலி செய்வாள். அந்தப் பழக்கம் இருக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. ஆகியிருக்காது. ஆனால் தனக்கோடிக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று நினைத்த அதே நொடியில் போன் அடித்தது. முதலாளி எடுத்து ஹலோ ஹலோ என்றார், அப்புறம் சத்தம் இல்லை, அப்புறம் "வேதாம்மா" என்றார். அந்தக் குரலில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னறைக்கும் முன்னறைக்கும் நடுவே கயிற்றில் தொங்கிய பத்திரிகைகள் முகத்தில் உரசின, ஈர மை கன்னத்தில் ஒட்டியது.

"நான்தான்" என்றது போன்.

வேதவல்லி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவர் குரல், அவரேதான், தூரத்தில் கொரகொரவென்று. எந்தச் சாமிக்கு முதலில் சொல்வது என்று தெரியவில்லை, உடம்பு முழுக்க ஒரே சந்தோஷம், பல்லெல்லாம் வெளியே தெரியச் சிரித்தாள், பக்கத்தில் நின்ற முதலாளியும் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"கேக்குதா? நம்ம தனக்கோடி போயிட்டான்டி."

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

"நேத்து மெயின் ஆஃப் பண்ணித்தான் இருந்துச்சு. எவனோ வீட்டுல ஜெனரேட்டர் போட்டுட்டான், கரண்ட் லைன்ல திரும்பி வந்துருச்சு. நான்தான் ஏறியிருக்கணும். முழங்கால் இழுக்குதுடான்னேன். நீங்க இருங்கண்ணேன்னுட்டு ஏறிட்டான். கேக்குதா? சாயங்காலம் கொண்டாந்துருவோம். அவங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஆபீஸ்ல இருந்து ஆள் வர்றவரைக்கும் நீ போய்ப் பக்கத்துல இரு. நீயா எதுவும் சொல்லிராத, ஒண்டிக்கட்டை, ஏதாவது ஆயிரும். கேக்குதா?"

ம் என்றாள்.

தனக்கோடியின் வீடு பிரஸ்ஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மழை பெய்வதற்கு முந்தின வெளிச்சம், எல்லா வீட்டுச் சுவரும் மஞ்சளாக இருந்தது. நடந்தாள். நான் நினைத்ததற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் கிடையாது, அவன் விழுந்தது நேற்று, நான் நினைத்தது இன்றைக்கு. நேற்றே செத்தவனை இன்றைக்கு யார் சாகடிக்க முடியும். இந்தக் கணக்கில் ஓட்டையே இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது, ஆனாலும் கூடவே இன்னொன்று நடந்து வந்தது. அவனை எடுத்து வைத்ததும் நீதான், ஒரு நிமிஷம் இருக்கட்டும் என்று விட்டதும் நீதான். போனில் பெயரைக் கேட்டதும் முதலில் உனக்கு என்ன வந்தது? அப்பாடா என்று வந்ததா இல்லையா? வந்தது. வந்ததை இல்லை என்று யாரிடம் சொல்வது. அந்தம்மாவிடம் என்ன பேச வேண்டும் என்று யோசித்தாள். காய்கறி விலை பேசலாம். மழையைப் பேசலாம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? திரும்பிப் போய்விடலாமா என்று தெருமுனையில் நின்றாள். மாவு மில்லில் வேலை செய்கிற பெண் யாரோ என்னக்கா இந்தப் பக்கம் என்றாள், சும்மாத்தான் என்று சொல்லிவிட்டு மேலே நடந்தாள். எங்கேயாவது இந்தத் தெரு முடியாமல் நீண்டுகொண்டே போனால் தேவலை. முடிந்துவிட்டது. கதவு திறந்தே இருந்தது.

தனக்கோடியின் அம்மா பாக்கியம் ஈரத்தலையை முடிந்துகொண்டு ஓடி வந்தாள். கூன் விழுந்த சின்ன உருவம், பொட்டில்லாத நெற்றியில் திருநீறு இன்னும் காயவில்லை. வேதவல்லியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள், அப்புறம் கழுத்தை. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு தாயி. சேதி வந்துச்சா? உன் வீட்டுக்காரரு நல்லாருக்காரா?"

"நல்லாருக்காரும்மா. இப்பத்தான் போன் பேசுனாரு."

"அப்பா, மாரியாத்தா" என்று பாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவே இல்லை. "காலையில ரேடியோவுல சொன்னதுல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. எம் மவனைப் பத்தி எனக்கு ஒண்ணும் பயமில்ல. அவன் ஹெல்ப்பர், கீழ நிக்கிறவன், உன் வீட்டுக்காரரு இருக்கிறப்ப அவனை மேல ஏற விடுவாரா? ஏறுறவரு அவருதானே. அதான் உன்னை நெனச்சுத்தான் துடிச்சுப் போனேன். அந்தக் கொடுமையை அனுபவிச்சவ நான், அது உனக்கு வரக் கூடாதுன்னு குளிச்சு ஈரத்துணியோட கோயிலைச் சுத்துனேன். என்னத்த வேணா எடுத்துக்க, அந்தப் புள்ள தாலிய மட்டும் வுட்டுருன்னு கேட்டேன். குடுத்துட்டா பாரு."

எழுந்துபோய் சாமி படத்துக்கு முன்னாலிருந்து இலையில் மடித்த ஒன்றைக் கொண்டுவந்தாள். பிரித்தால் உள்ளே கோயில் குங்குமம், கொஞ்சம் ஈரமாக. நீட்டினாள், நீட்டியவள் கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் வச்சுவிடக் கூடாது. நீயே எடுத்து வச்சுக்க, தாயி. உனக்காக வாங்கிட்டு வந்தது."

வேதவல்லி விரலால் தொட்டு வைத்துக்கொண்டாள். வகிட்டிலும் வை என்றாள் பாக்கியம். வகிட்டிலும் வைத்துக்கொண்டாள்.